முழங்காலுக்குக் கீழே ஒரு கொச்சி மரம்

எங்கள் அம்மாவைப் பிடிவாதக்காரி என்று ஊரில் சொன்னவர்கள் எல்லாரும் அவருடைய கொச்சிக்காயை வாங்கித் தின்றவர்கள்தான். மிளகாயை எங்கள் பக்கத்தில் கொச்சிக்காய் என்போம். அம்மாவின் கொச்சி குட்டையானது, தடித்தது, நுனி மழுங்கியது. ஒன்றைக் கிள்ளிப் போட்டால் ஒரு சட்டி மீன்குழம்புக்குப் போதும். வவுணதீவில் எங்கள் வீட்டைச் சுற்றியிருந்த வளவோடு சேர்ந்து வந்த இனம் அது. எங்களிடத்தில் வீடும் வளவும் பெண்வழியில்தான் இறங்கும். அம்மாவுக்கு அவருடைய தாய் சீதனமாகக் கொடுத்தது, அம்மாவுக்குப் பிறகு எனக்கு. கொச்சி விதையும் அப்படியே கைமாறும். கடையில் வாங்கிய விதை அந்த வளவுக்குள் காலடி வைத்ததே இல்லை.

சண்டை அந்தப் பக்கம் மூண்டபோது, உடுத்த உடுப்போடு தோணியில் வாவியைக் கடந்து அமிர்தகழியில் பெரியம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். அம்மா கொண்டுவந்த ஒரே சொத்து இடுப்பில் முடிந்திருந்த விதைப் பொட்டலம். பாதி வழியில் தோணிக்குள் தண்ணீர் ஏறி, பொட்டலம் வாவியின் உப்புநீரில் ஊறிவிட்டது. அதற்கு மேல் வைத்திருந்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். விதைக்கிற காலமில்லை என்று தெரிந்தும், அம்மா அவ்வளவு விதையையும் கிணற்று நீரில் கழுவி, பெரியம்மாவின் வாசலோரம் அன்றைக்கே தூவிவிட்டார். முளைத்தது ஐந்தாறு கன்றுதான். அவையும் போனால் அந்த இனமே போய்விடும். வேறு எங்கே போய்த் தேடுவது?

கன்றுகள் பூக்கத் தொடங்கிய நேரம் பார்த்து ஒழுங்கை முனையில் ஆமிக்காரர் காவலுக்குச் சென்றி போட்டார்கள். வேலி போனது. வாழை போனது. பெரியம்மாவின் முருங்கை போனது. சென்றிக்கு முன்னால் பார்வையை மறைத்து முழங்காலுக்கு மேலே ஒன்றும் நிற்கக் கூடாது என்பது கட்டளை. அதைச் சொல்ல வந்தவன் நல்ல நெடுவல். கொச்சியைக் காட்டி, "இதுவும் வெட்டு" என்றான்.

"ஆர்ட முழங்கால் மாத்தயா? என்டயா, உங்கடயா?" என்று அம்மா கேட்டார்.

வீட்டுக்குள்ளிருந்து அப்பா இருமினார். பயம் வந்தால் அப்பாவுக்கு இருமலும் வரும். நெடுவல் சிரித்துவிட்டுத் தன் முழங்காலைத் தட்டிக் காட்டினான். அம்மா அந்த இடத்திலேயே குந்தியிருந்து, அவனுடைய முழங்காலைத் தாண்டிய குருத்தை மட்டும் நகத்தால் கிள்ளி எறிந்தார். கட்டளையையும் நிறைவேற்றியாயிற்று. கொச்சியைப் பற்றி ஒன்றுமே தெரியாதவன், பாவம். குருத்தைக் கிள்ளினால் கொச்சி சும்மா இருக்குமா? பக்கத்துக்குப் பக்கம் கிளை விட்டது. வவுணதீவிலும் காணாத காய்ப்பு.

விதைக்கு விடும் பழத்தைச் செடியிலேயே சுருங்க விடவேண்டும். அவசரப்பட்டுப் பிடுங்கினால் விதை முளைக்காது. நல்ல கிளைகளாகப் பார்த்து, அவற்றின் பழங்களுக்கு அம்மா கிழிந்த சீலைத் துண்டால் அடையாளம் கட்டினார். அந்தப் பக்கம் போனாலே எனக்கு அடி விழும்.

பழம் சுருங்குவதற்குள் நெடுவல் மாறிப்போய் ஒரு கட்டையன் வந்தான். அவனுடைய முழங்கால் எங்கே, இவனுடைய முழங்கால் எங்கே! சீலைத் துண்டு கட்டிய பழமெல்லாம் இவன் முழங்காலுக்கு மேலே நின்றன. "நாளைக்கு வெட்டு. இல்லாட்டி நான் பிடுங்கு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

"ரெண்டு கொச்சி மரத்துக்காக உசிரக் குடுக்கப் போறியா?" என்றார் அப்பா.

"உசிர ஆரு கேட்ட? முழங்காலத்தானே கேக்கானுகள். நீங்க முளைய சீவித் தாங்க."

முணுமுணுத்துக்கொண்டே அப்பா தடிகளை முளையாகச் சீவினார். அம்மா அவற்றைச் செடியைச் சுற்றி அடித்து, ஒவ்வொரு கிளையாகத் தும்புக் கயிற்றால் மெல்ல மெல்ல வளைத்து நிலத்தோடு இழுத்துக் கட்டினார். ஒரு கிளை மளுக்கென்று முறிந்தது. துணி கட்டிய கிளை. அம்மா வாய்விட்டு அழுதார். பிறகு மூக்கைச் சீலையில் துடைத்துவிட்டு அடுத்த கிளையைப் பிடித்தார்.

காலையில் கட்டையன் வந்தபோது, கொச்சி மரங்கள் கால் கட்டிய நண்டுகளாகத் தரையோடு கிடந்தன. அவன் பக்கத்தில் போய்த் தன் காலை வைத்துப் பார்த்தான். எல்லாம் முழங்காலுக்குக் கீழே. அவனுக்கு முகம் கறுத்துவிட்டது. ஏதாவது செய்தாக வேண்டுமே, குனிந்து ஒரு பழத்தில் கை வைக்கப் போனான். அம்மா குறுக்கே போய் நின்றுவிட்டார்.

"பச்சையப் புடுங்குங்க மாத்தயா, எவ்வளவெண்டாலும் புடுங்குங்க. பழத்தத் தொடாதீங்க. அது விதைக்கு."

அவன் கை தோளில் தொங்கிய துவக்கின் வாரில் இருந்தது. எனக்கு நின்ற இடத்திலேயே சிறுநீர் போய்விட்டது. அம்மா நகரவில்லை. கடைசியில் அவன் ஒரு கை நிறையப் பச்சைக்காய் பிடுங்கிக்கொண்டு போனான். கொஞ்ச நேரத்தில் வாயைப் பிளந்துகொண்டு ஓட்டமாகத் திரும்பி வந்தான். பெரியம்மாவின் கிணற்றில் வாளி தடாலென்று விழுந்தது. அன்றைக்கு அப்பாவே சிரித்துவிட்டார்.

பழம் சுருங்கிப் பிடுங்கும் பக்குவம் வந்தபோது மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாவும் வந்தது. எனக்குச் சிவப்புக் கண்ணாடிக் காப்பு வேண்டும் என்று அம்மாவின் சீலையைப் பிடித்தபடி திரிந்தேன். அன்றைக்குத்தான் அக்கரையிலிருந்து வந்த ஒருவர் செய்தி சொன்னார். எங்கள் வீட்டை இடித்துத் தரைமட்டமாக்கி, வளவு முழுக்க ஆமிக்காரர் காம்ப் போட்டிருக்கிறார்களாம். கிணற்றையும் மூடிவிட்டார்களாம். அப்பா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அம்மா போய்ப் பழங்களைப் பிடுங்கி வந்து கீறினார். விதையைச் சாம்பலில் புரட்டி, ஒரு பால்மாத் தகரப் பேணியில் போட்டு மூடினார். பிறகு என்னைக் கூப்பிட்டு அதை என் இரண்டு கையிலும் வைத்தார்.

"இந்தா புள்ள, இது உனக்கு. அவனுகள் காம்பு போட்டா என்ன, கோட்டை கட்டினா என்ன, வளவு உன்டதான்."

நான் பேணியைக் குலுக்கிப் பார்த்தேன். உள்ளே கலகலத்தது. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. ஊர்ப் பெட்டைகள் எல்லாம் கை நிறையக் காப்போடு தீர்த்தத்துக்குப் போக, எனக்கு மட்டும் கொச்சி விதையா? என் சீதனத்தை அம்மா அன்றைக்கே எழுதித் தந்துவிட்டார் என்று எனக்கு விளங்கவில்லை. பேணியைக் கீழே வைத்துவிட்டு, காப்பு வேண்டும் என்று அழுதுகொண்டே இருந்தேன்.