குமிழிக்குள் காற்று என்று சொன்னேன்

நான் பி.எஸ்ஸி. இயற்பியலில் முதல் வகுப்பு. இதை ஏன் எடுத்தவுடன் சொல்கிறேன் என்றால், அந்த நாட்களில் எதைச் சொல்வதற்கு முன்பும் இதைத்தான் சொல்வேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவிலேயே எனக்கு மட்டும்தான் மூளை இருக்கிறது என்று ஒரு நினைப்பு. சிதம்பரத்தில் பி.எட். சேர்ந்தபோது அந்த நினைப்பும் என்னோடு ரயிலேறி வந்தது. "பாடம் எனக்குத் தெரியும் மேடம், நடத்துற முறைய மட்டும் சொல்லிக் குடுத்தா போதும்" என்று பேராசிரியையிடமே சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்தால் எங்கேயாவது போய் முகத்தை மறைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

கற்பித்தல் பயிற்சிக்கு எனக்குக் கிடைத்தது கடலூர் முதுநகரில் ஒரு பள்ளி, எட்டாம் வகுப்பு. பி.எட். படித்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். பாடத்திட்டம் எழுதுகிற ரெக்கார்டு நோட்டை யாரும் சொந்தமாக எழுதுவதில்லை. போன வருடம் படித்த அக்காவிடம் வாங்கி, தேதியை மாற்றி, படத்தைக் கொஞ்சம் பெரிதாக வரைந்து அட்டை போட்டுவிடுவோம். அந்த அக்காவும் அப்படித்தான் இன்னொரு அக்காவிடம் வாங்கியிருப்பாள். எனக்கு வந்த நோட்டில் வெப்பம் பற்றிய பாடத்தில் ஒரு கேள்வி இருந்தது: கொதிக்கும் நீரில் தோன்றும் குமிழிகளில் இருப்பது எது? பதில், காற்று. பச்சை மையில் அடிக்கோடு வேறு. நானும் ஸ்கேல் வைத்து நேராக அடிக்கோடு போட்டேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் காற்று என்றுதான் சொல்லியிருப்பேன், அதுதான் இன்னும் கேவலம்.

பாடம் நடத்தியபோது மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். அவளுடைய அம்மா விடிவதற்கு முன்பே துறைமுகத்துக்குப் போய் மீன் எடுத்து விற்கிறவர். வீட்டில் காலைச் சோறு இவள் பொறுப்பு.

"டீச்சர், எங்கூட்ல ஒல வைக்கிறப்ப டெய்லி பாக்குறேன். அடியிலேர்ந்து வர்ற குமிழி மேல வர்றதுக்குள்ள காணாம பூடுது. காத்துன்னா எங்க டீச்சர் போவும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் தெரியவில்லை. பின்னால் பள்ளியின் அறிவியல் ஆசிரியை உட்கார்ந்து, நான் நடத்துவதைப் பார்த்துக் குறிப்பெழுதிக்கொண்டிருந்தார். அவள் விடாமல் தொடர்ந்தாள். "அதுவும் தண்ணி வத்துற வரைக்கும் குமிழி வந்துக்கினே இருக்குது. அவ்ளோ காத்தா டீச்சர் தண்ணிக்குள்ள இருக்கும்? ஆவியா இருக்குமா?"

"சயின்ஸை புக்குல படிக்கணும், ஒலப்பானைய பார்த்துப் படிக்கக் கூடாது. உக்காரு" என்றேன்.

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். நகைச்சுவையாகப் பேசுகிற டீச்சர் என்று ஒரு பெயர் கிடைத்துவிட்ட திருப்தி எனக்கு. மறுநாளிலிருந்து அவளுக்கு 'ஒலப்பானை' என்று பெயர் வந்துவிட்டது. கூப்பிட்டவர்களை நான் அதட்டியிருக்கலாம். காதில் விழாத மாதிரி கரும்பலகையில் தேதி எழுதிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே ஒரு சின்னத் தேர்வு வைத்தேன். அவள் 'நீராவி' என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் சுழித்து, பக்கத்தில் 'காற்று' என்று தெளிவாக எழுதிக் கொடுத்தேன்.

எங்கள் பி.எட். செய்முறைத் தேர்வுக்கு மதிப்பெண் போட வெளியிலிருந்து இரண்டு பேர் வருவார்கள். அன்றைக்கு வகுப்பில் எல்லோரும் கை தூக்கினால்தான் அழகு. அதற்கு எங்களுக்கு ஒரு வழி உண்டு. பதில் தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. வந்தவர்களுக்கு எல்லாம் கையாகத்தான் தெரியும், யாரை எழுப்புவது என்று நமக்குத் தெரியும். இரண்டு நாள் முன்பே ஒத்திகை பார்த்தோம். அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ எந்தக் கேள்விக்கும் இடது கைதான். சரியா?" என்றேன். அவள் சரி என்றாள். தேர்வன்று குமிழிக் கேள்வியைக் கேட்டேன். வலது கைக்காரன் ஒருவன் எழுந்து "காற்று" என்றான். வந்தவர்கள் தலையாட்டி எழுதிக்கொண்டார்கள். அவள் இடது கையைத் தூக்கியபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. வீட்டுக்குப் போகும் வழியில் அம்மாவுக்குப் பிடித்த அல்வா வாங்கிக்கொண்டு போனேன்.

பயிற்சி முடிந்து கல்லூரிக்குத் திரும்பினேன். ஒருநாள் காலை சிதம்பரம் போகிற ரயிலில் அறிவியல் கற்பித்தல் தாளுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். 'குழந்தைகளிடம் காணப்படும் தவறான கருத்துகள்' என்று ஒரு பகுதி. பட்டியலில் இருந்தது: கொதிக்கும் நீரின் குமிழிகளில் காற்று இருப்பதாகக் குழந்தைகள் நம்புகிறார்கள்.

குழந்தைகள்! எனக்கு முதலில் வந்தது கோபம்தான். புத்தகம் தப்பு, அச்சுப்பிழை, எழுதியவருக்கு இயற்பியல் தெரியாது என்று பரங்கிப்பேட்டை வரைக்கும் மனசுக்குள் சண்டை போட்டேன். கிள்ளை தாண்டும்போது, அந்தப் பெண் கேட்ட கேள்வி ஒவ்வொரு வார்த்தையாக ஞாபகத்துக்கு வந்தது. அதற்குமேல் புத்தகத்தோடு சண்டை போட முடியவில்லை. எதிர் இருக்கையில் இருந்த அம்மா, "ஒடம்பு சரியில்லியாம்மா?" என்று கேட்டார்.

அன்று மதியம் கல்லூரி ஆய்வகத்தில் அனுமதி கேட்டு, ஒரு பீக்கரில் தண்ணீர் வைத்துக் கீழே விளக்கை ஏற்றினேன். கண்ணை பீக்கரின் உயரத்துக்கு வைத்து உட்கார்ந்தேன். இருபத்து மூன்று வயதில், தண்ணீர் கொதிப்பதை முதல்முறையாகப் பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். முதலில் கண்ணாடி ஓரத்தில் பொடிப்பொடியாய் ஒட்டிக்கொண்டு நின்றவை காற்றுக் குமிழிகள். தண்ணீரில் கரைந்திருந்த காற்று வெளியே வந்தது, அவ்வளவுதான். பிறகு அடியிலிருந்து பெரிய குமிழிகள் கிளம்பின. பாதி வழியில் சுருங்கிக் காணாமல் போயின. மேலே இருந்த தண்ணீர் இன்னும் அந்த அளவுக்குச் சூடாகவில்லை. அதனால் குமிழியிலிருந்த நீராவி குளிர்ந்து மறுபடி தண்ணீராகிவிட்டது. காற்றாக இருந்தால் மேலே வந்தே தீரும். முழுதும் சூடான பிறகுதான் பெரிய குமிழிகள் மேல்வரை வந்து உடைந்தன.

அதே தண்ணீரை ஆறவைத்து மறுபடி கொதிக்கவைத்தேன். பொடிக் குமிழிகள் அநேகமாக இல்லை. பெரிய குமிழிகள் முன்பு போலவே வந்தன. அவள் கேட்ட இரண்டு கேள்விக்கும் பதில் அந்த பீக்கருக்குள் இருந்தது.

'திரவத்தின் ஆவி அழுத்தம் வளிமண்டல அழுத்தத்துக்குச் சமமாகும் வெப்பநிலையே கொதிநிலை.' இந்த வரியைப் பதினோராம் வகுப்பிலிருந்து பட்டப்படிப்பு வரை எத்தனை தடவை எழுதி மதிப்பெண் வாங்கியிருப்பேன்! வெளியிலிருந்து அழுத்துகிற காற்றை எதிர்த்து உள்ளே ஓர் ஆவிக் குமிழி நசுங்காமல் நிற்கும் என்பதைத்தான் அந்த வரி சொல்கிறது. அது குமிழியைப் பற்றிய வரி என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. கணக்குப் போட்டேன், விடை வந்தது, தாளைத் திருப்பினேன். அன்றைக்குப் பிறகு நான் படிக்கிற விதம் மாறியது. ஒவ்வொரு வரையறையையும் படித்துவிட்டு, இதை எங்கே பார்க்கலாம் என்று தேட ஆரம்பித்தேன். தெரியாது என்று எழுதிவைக்கவே ஒரு நோட்டுப் போட்டேன். அது சீக்கிரமே நிறைந்துகொண்டு வந்தது. ஆனால் முதுநகர் பள்ளிக்குப் போய் அந்தப் பெண்ணிடம் சொல்வதற்கு மட்டும் எனக்கு இரண்டு மாதம் ஆனது. மழை, பரீட்சை, ஜலதோஷம் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் வெட்கம். எட்டாம் வகுப்புப் பெண்ணின் முன்னால் போய் நிற்க வெட்கம்.

கடைசியில் ஒரு கையெழுத்து வாங்கும் சாக்கில் மதிய இடைவேளையில் போனேன். அறிவியல் ஆசிரியை அன்பாகப் பேசினார். "ஒங்க கேள்வியெல்லாம் நல்லா இருந்துச்சும்மா, அரையாண்டுக்கு அப்படியே எடுத்துக்கிட்டேன்" என்றார். கூடவே, "ஒங்க விடைக்குறிப்பையும்தான்" என்றார். குமிழிக்குள் நீராவி, நான் சொல்லிக் கொடுத்தது தப்பு என்று அவரிடம் சொன்னேன். அவர், "அப்பிடியா? பேப்பரெல்லாம் திருத்திக் குடுத்தாச்சே" என்றார்.

அந்தப் பெண் மரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நீ சொன்னதுதான் சரி, நான் சொன்னது தப்பு, எல்லோர் முன்னாலும் உன்னை அப்படிப் பேசியது அதைவிடப் பெரிய தப்பு என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவள் அழுவாள், இல்லை கோபப்படுவாள் என்று நினைத்திருந்தேன். எதுவும் இல்லை.

"பரவால்ல டீச்சர். அரையாண்டுல நான் காத்துன்னுதான் எழுதுனேன். மார்க் போட்டுட்டாங்க" என்றாள், என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில். பிறகு கேட்டாள். "முழுப்பரீட்சைக்கு எத எழுதணும் டீச்சர்?"

"நீராவி" என்றேன்.

ஏன் என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். பீக்கரில் பார்த்ததையெல்லாம் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே வார்த்தைகளைச் சேர்த்துவைத்திருந்தேன். அவள் "சரிங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு, தட்டைக் கழுவக் குழாயடிக்குப் போனாள்.