மொட்டை மாடியில் ஒரு பேட்ரியட்

வளைகுடாவில் போர் நடந்த நாட்களில் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கொஞ்சம் பைத்தியம் பிடித்திருந்தது. அக்காவைக் கட்டப்போகிறவர் ரியாத்தில் ஒரு கட்டட நிறுவனத்தில் வேலை செய்தார். கல்யாணத்துக்கு நாள் வைத்து மண்டபத்துக்கும் சொல்லியாயிற்று. அந்த நேரம் பார்த்து ஈராக் அவருடைய தலைக்கு மேல் ஸ்கட் ஏவுகணைகளை அனுப்பத் தொடங்கியது. அவற்றை வானத்திலேயே அடித்து விழுத்த அமெரிக்கர்கள் பேட்ரியட் என்று ஒன்றை வைத்திருந்தார்கள். அது உண்மையாகவே வேலை செய்கிறதா என்பது உலகத்துக்குப் போர் விஷயம். எங்களுக்கு அது கல்யாண விஷயம்.

அப்பா பேட்ரியட் கட்சி. சுங்கத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். தீபாவளி வாணத்துக்கு மேல் அவருக்கு எந்த ஏவுகணையும் தெரியாது. ஆனால் செய்தியில் ஒரு வெளிச்சம் எழும்பி இன்னொரு வெளிச்சத்தைத் தொட்டதும், நமக்கு விக்கெட் கிடைத்த மாதிரிக் கதிரையை விட்டுத் துள்ளுவார். அம்மாவின் தம்பியான மாமா எதிர்க்கட்சி. கொட்டாஞ்சேனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படிப்பித்தார். தினமும் பின்னேரம் பஸ் பிடித்து வந்து, சண்டை போட்டு, சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்.

"அத்தான், சுட்ட சன்னத்தை இன்னொரு சன்னத்தால சுட்டு விழுத்தேலுமோ? வெளிச்சம் தெரிஞ்சால் பட்டதெண்டு அர்த்தமில்லை."

"படாட்டில் அங்க சனம் ஏன் ஓடாமல் இருக்குது?"

"அதுதானே அதின்ர வேலை! சனத்தை ஓடாமல் வைச்சிருக்கிறது. ஸ்கட் விழுற இஸ்ரேல் கோவத்தில சண்டைக்குள்ள குதிக்காமல் இருக்கிறதும் அதாலதான். பட்டாலென்ன படாட்டிலென்ன, சனம் நம்பினால் காணும்."

அக்கா அகப்பையோடு குசினி வாசலில் வந்து நின்றாள். "அப்ப அந்தச் சாமான் இல்லாட்டில் அவர் இப்ப வீட்டுக்கு வந்திருப்பாரோ?"

அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

சனிக்கிழமை மாமா ஒரு பை நிறைய டென்னிஸ் பந்துகளோடு வந்தார். விஷயத்தை மொட்டை மாடியில் தீர்த்துவிடுவதாகப் பேச்சு. அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீர்த் தாங்கிக்கு மேல் ஏறினார், அவர்தான் ஈராக். அவர் எறிகிற பந்தை மாமா கீழே நின்று இன்னொரு பந்தால் அடிக்க வேண்டும். தன் பந்து அடிபட வேண்டுமென்று அப்பா எறிந்தார், தன் பந்து படக் கூடாதென்று மாமா எறிந்தார் என்பதை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. மாமாவின் பந்துகள் ஒழுங்கையிலும் பக்கத்து வீட்டுக் கூரையிலும் போய் விழுந்தன. தான் சொன்னது சரி என்று அவருக்கு ஒரே புளுகம். அந்தச் சந்தோஷத்தில் பார்க்காமல் எறிந்த ஒரு பந்து போய் அப்பாவின் பந்தில் சரியாக முட்டியது. முட்டிய இரண்டும் சேர்ந்து, கீழ் வீட்டு அன்ரி காயப்போட்டிருந்த மோர் மிளகாய்க்குள் விழுந்தன.

"பட்டுது!" என்று அப்பா தாங்கிக்கு மேல் ஆடினார்.

"பட்டும் விழுந்ததே!" என்று மாமா கீழே ஆடினார்.

எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு நொந்துவிட்டது. அக்கா மட்டும் சிதறிக் கிடந்த மிளகாய்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு காலி வீதித் தொலைபேசிக் கடைக்குப் போனாள். ரியாத்துக்கு இணைப்புக் கிடைக்கப் பெரும்பாடாகிவிட்டது. ரிசீவரில் நானும் காதை வைத்தேன்.

"சைரன் ஊதினால் எங்க நிக்கிறனீங்கள்?"

"மேல மாடியில," என்று அவர் சிரித்தார். "எல்லாரும் ஏறி நிண்டு கை தட்டுவம். நல்ல வடிவு!"

"பட்டாலும் அது விழும்!" அக்கா கத்தினாள். "எங்கட வீட்டில மிளகாய்க்கு மேல விழுந்தது!"

"மிளகாய்க்கோ?"

"வேலை போனால் போகட்டும். வாங்கோ. எனக்குப் பயமாயிருக்கு, வாங்கோ."

அக்கா அழுததைப் பார்த்து வரிசையில் நின்றவர்களும் மூக்கை உறிஞ்சினார்கள்.

அவர் வந்தார். ஜித்தா வரைக்கும் பஸ்ஸில் போய், அங்கே எப்படியோ விமானம் பிடித்து வந்தார். மாமா வெற்றி வீரனாகத் திரிந்தார். அப்பா, தன்னை யாரோ நம்பாமல் விட்டது போல இரண்டு நாள் முகத்தை நீட்டிக்கொண்டிருந்தார். உடனேயே வத்தளையில் மாப்பிள்ளை வீட்டில் பொன்னுருக்கினார்கள். தாலிக்குப் பொன் உருக்கிவிட்டால் மணவறை வரைக்கும் மாப்பிள்ளையும் பெண்ணும் முகம் பார்க்கக் கூடாது. ஒரு பஸ் தூரத்துக்குள் வந்துவிட்ட மனிதரைக் கண்ணால் காணாமலே அக்கா வீடு முழுக்கப் பாடிக்கொண்டு திரிந்தாள்.

எங்கள் நாட்டிலும் அப்போது ஒரு போர் நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள் காலை வத்தளையில் பொலிஸ் சுற்றிவளைப்பு. அவருடைய அடையாள அட்டையில் சண்டை நடக்கிற யாழ்ப்பாணத்து விலாசம். பொலிஸில் பதிவும் இல்லை. கொண்டுபோய்விட்டார்கள். வீட்டில் சிங்களம் ஒழுங்காக வருவது அக்காவுக்குத்தான் என்பதால், அப்பாவும் மாமாவும் நானும் புறப்பட்டபோது கல்யாணக் கார்டோடு அவளும் வந்தாள். பொலிஸ் நிலையத்தில் ஒரு வாங்கு நிறைய ஆட்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். அக்கா உள்ளே வரும்போதே அவர் கண்டுவிட்டார். கண்டவுடன் சட்டையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

முகத்தை மூடினால் பொலிஸ் விடுமா? இரண்டு பேர் அவருக்கு மேல் பாய்ந்தார்கள். ஒருவனுடைய துவக்குக் குழல் அவருடைய நெற்றியில் முட்டியது. அக்கா கார்டை நீட்டியபடி பொன், தாலி, முகம் என்று சிங்களத்தில் மூச்சு விடாமல் சொன்னாள். அதிகாரி முதலில் கார்டைப் பார்த்தார், பிறகு சட்டைக்குள் இருந்த மாப்பிள்ளையைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் சிரித்த சிரிப்பில் துவக்குக்காரனும் சிரித்தான், வாங்கில் இருந்தவர்களும் சிரித்தார்கள். ஏவுகணைக்குப் பயந்து இங்கேயா வந்தாய் மல்லி என்று, தம்பி முறை வைத்துக் கேட்டுக் கேட்டுச் சிரித்துவிட்டு, போகவிட்டார்.

வெளியே வந்த பிறகும் அவர் சட்டையை இறக்கவில்லை. அக்கா தன் கையால் அதை இழுத்து இறக்கினாள். நெற்றியில் துவக்கு முட்டிய இடம் சிவந்திருந்தது.

"பிள்ளை, பாக்கக் கூடாது," என்றார் மாமா.

அக்கா பார்த்துக்கொண்டேயிருந்தாள். "கலியாணம் முடிஞ்ச கையோட திரும்பிப் போவம். நானும் வாறன்," என்றாள் அவரிடம்.

அப்பாவே பதறிப்போனார். "அங்க இன்னும் ஸ்கட் விழுதே, பிள்ளை!"

"அங்க மேலயிருந்து மட்டுந்தானே அப்பா வரும்," என்றாள் அக்கா.