நெடுந்தீவில் ஒரு தொட்டித் தண்ணீர்

உயிர்த்த ஞாயிறு கழிந்த செவ்வாய்க்கிழமை, காலை 6.15. ஊர்காவற்துறையில் பஸ் ஏறினோம். ஒரு தகரப் பெட்டி, எட்டு நாளுக்கு அரிசி, என் கணவரின் கப்பல் பை, அதற்குள் துவாயில் சுற்றிய ஒரு இறாத்தல் சீனி. 1974ஆம் ஆண்டில் சீனிக்குத் தட்டுப்பாடு, அப்படி ஒளித்துத்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் பன்னிரண்டு மைல் இருக்கும். ஆளுக்கு எழுபது சதம்.

என் கணவர் மரியநாயகம் இத்தாலியக் கப்பல் ஒன்றில் ஸ்ருவேட். சரக்குக் கப்பல் அல்ல. விடுமுறைக்கு வெள்ளைக்காரர் ஏறி, துறைமுகம் துறைமுகமாகச் சுற்றிப் பார்த்து, தின்று குடித்து இறங்குகிற கப்பல். அவர்களுடைய மேசையில் எட்டுத் தட்டு ஒரே தரம் கொண்டுபோய் வைப்பார். எங்களுக்குக் கலியாணமாகி மூன்று வருஷம். அதில் இருவரும் ஒரே வீட்டில் இருந்தது எழுபத்தொரு நாள். நான் கணக்குப் படிப்பிக்கிறவள், பிழையாக எண்ணமாட்டேன்.

அந்த எழுபத்தொரு நாளும் வீடு நிறைய ஆட்கள். கப்பல்காரன் வந்துவிட்டான் என்றால் ஊரே வந்து கதிரை போட்டு உட்கார்ந்துவிடும். ஒருவருக்கு சென்ற் போத்தல், ஒருவருக்குச் சவர அலகு, ஒருவருக்குச் சும்மா கப்பல் புதினம் கேட்க. தேத்தண்ணீர் ஊற்றியே என் விடுமுறைகள் முடிந்தன. கணவரோடு முழுதாக ஒரு விஷயம் கதைத்து முடித்த ஞாபகம் எனக்கில்லை.

இந்த முறை அவர் ஒரு படத் தபாலட்டை கொண்டுவந்திருந்தார். ஜெனோவாவுக்குப் பின்னால் மலைப்பக்கத்தில் ஒரு கல்வீடு, கல்மதில், முந்திரிகைக் கொடி. கப்பல் சமையல்காரர் பாவ்லோவின் தமக்கையுடைய வீடு, இவரும் ஒருமுறை மூன்று நாள் அங்கே தங்கியிருந்தாராம். கப்பலால் இறங்குகிற பயணிகள் சிலர் பட்டணத்தில் தங்காமல், சத்தமில்லாத இடம் தேடி அங்கே போய்ப் பத்து நாள் இருப்பார்களாம். அந்த வீட்டைப் பார்த்து நடத்த ஒரு தம்பதி வேண்டுமாம். கடலை விட்டுவிட்டு இரண்டு பேருமாக அங்கே போய் இருப்போம் என்றார். மே மாதம் கப்பல் ஏறுமுன் பாவ்லோவுக்குத் தந்தி அடிக்க வேண்டும்.

யோசிக்க வேண்டும் என்றேன். உள்ளுக்குள் இல்லை என்றே முடிவெடுத்திருந்தேன். ஓய்வூதியத்தோடு அரசாங்க உத்தியோகம், எனக்கென்று ஒரு வகுப்பு. அதை விட்டுவிட்டு, ஒரு சொல் பாஷை தெரியாத மலையில், சரியாகத் தெரியாத ஒரு மனிதரோடு போய் என்ன செய்வது? சரியாகத் தெரியாத மனிதர் என்றது என் புருஷனைத்தான்.

“ஆளில்லாத இடத்தில எட்டு நாள் இருந்து பாப்பம்,” என்றார் அவர். “உமக்கு ஏலாதெண்டால் சொல்லும். நான் தனியக் கப்பலுக்குப் போறன்.” அப்படித்தான் நெடுந்தீவு முடிவாயிற்று. என்னோடு படிப்பிக்கும் ஒரு ரீச்சரின் ஒன்றுவிட்ட அக்கா திரேசம்மா அங்கே இருக்கிறார். அவருடைய தம்பியின் வீடு அதே வளவுக்குள் வெறுமையாகக் கிடந்தது.

8.40. குறிகட்டுவானில் பாதிச் சனம் நயினாதீவு வள்ளத்துக்குப் போய்விட்டது. எங்கள் மோட்டார் லோஞ்சில் மண்ணெண்ணெய்ப் பீப்பா, மா மூட்டை, நாலு ஆடு, இருபது பேர். கட்டணம் ஒரு ரூபா. கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. ஆடுகளுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு பெரியவர் எங்களை நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“ஆரின்ரை வீட்டுக்குப் போறியள்?”

“சும்மா கொஞ்ச நாள் இருக்கப் போறம், ஐயா,” என்றார் என் கணவர்.

“நெடுந்தீவிலையோ? அங்கை சும்மா இருக்கேலாமல்தான் நாங்கள் யாழ்ப்பாணத்துக்கு ஓடுறம்.” ஆட்டுக்காரரும் சிரித்தார். எனக்கு அந்தப் பெரியவரைப் பிடித்துவிட்டது. என் கட்சிக்கு ஒரு ஆள்.

9.50. மாவிலித்துறை. இறங்கினதும் வெயில்தான் முதலில் வரவேற்றது. தீவில் மோட்டார் வாகனம் என்று நான் கண்டது ஒரு உழவு மெஷின் மட்டும். கந்தையா அண்ணை என்பவரின் மாட்டு வண்டிலில் இரண்டு ரூபாவுக்குப் பேசி ஏறினோம். எல்லா வளவுக்கும் வேலிக்குப் பதில் முருகைக்கல் மதில். சாந்து கிடையாது, கல்லின்மேல் கல்லாக அடுக்கியதுதான். தீவில் அவிழ்ந்து திரிகிற கட்டாக்காலிக் குதிரைகள் மதிலோரம் நிழலுக்கு நின்றன. என் கணவர் தபாலட்டையை எடுத்து மதிலோடு வைத்துப் பார்த்தார். “அதே மதில்,” என்றார், தானே கட்டினவர்போல. நான் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

10.45. திரேசம்மா அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும், மெலிந்த தேகம், கதை குறைவு. அவருடைய கணவர் கடலோர வாடியில் தங்கி மீன்பிடிக்கிறார், சனிக்கிழமைகளில்தான் வருவார். அக்கா கதவைத் திறந்துவிட்டு, “எல்லாம் கிடக்குது பிள்ளை, பாத்து எடுங்கோ. நான் வாடிக்குச் சோறு குடுத்துப்போட்டு வாறன்,” என்று நடந்துவிட்டார்.

வீட்டின் பின்னால் ஒரு கிணறு, பக்கத்தில் உடுப்புத் தோய்க்கிற கல், அதனருகே பலகையால் மூடிய சீமெந்துத் தொட்டி. பலகையை நீக்கினால் விளிம்பு முட்டத் தண்ணீர். எங்கள் பக்கத்தில் கிணற்றடித் தொட்டி என்றால் குளிக்கிறதுக்குத்தான், பிறந்த பிள்ளைக்கும் தெரியும். என் கணவர் வாளி வாளியாக அள்ளி ஊற்றினார். கப்பலில் ஊழியருக்குக் குழாயில் வருகிற தண்ணீர் போதாதாம், எட்டு மாதக் கடனைத் தீர்க்கிறேன் என்றார். மிச்சத்தில் நான் அவருடைய ஆறு வெள்ளைச் சேட்டையும் சவர்க்காரம் போட்டுத் தோய்த்து, நீலமும் போட்டேன். தொட்டியின் அடி தெரிந்தது. கொடியில் சேட்டுகள் ஆடியதைப் பார்க்க எனக்குத் திருப்தியாக இருந்தது.

பின்னேரம் நாலு மணிக்குத் திரேசம்மா அக்கா வந்தார். பலகையைத் தூக்கிப் பார்த்தார், திரும்ப மூடினார். தன் வீட்டிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து எங்களுக்குத் தேத்தண்ணீர் வைத்தார். நாங்களும் நல்லாய் இருக்கிறது என்று குடித்தோம்.

புதன், காலை 6.30. மதிலுக்கு மேலால் பார்க்கிறேன், தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம், கால் முழுக்கப் புழுதியாக அக்கா வருகிறார்.

“எங்கையக்கா போட்டு வாறியள்?”

“தண்ணிக்கு.”

“கிணறு இருக்குதே?”

“அது உப்புச் சவர், பிள்ளை. மாட்டுக்குத்தான். நல்ல தண்ணி தெற்காலை, ஒண்டரை மைல்.”

நான் தொட்டிப் பக்கம் திரும்பினேன். “அப்ப தொட்டியில கிடந்தது?”

அவர் குடத்தை இறக்கினார். “உங்களுக்குக் குடிக்க, சமைக்கவெண்டு நிரப்பினது. நாலு நாளாய்ப் பதினாலு நடை. அதுக்கென்ன, பயணக் களை குளிச்சால்தான் போகும்.”

எட்டு நாளுக்கான குடிதண்ணீரை ஒரு மணித்தியாலத்தில் முதுகிலும் சேட்டிலும் ஊற்றி முடித்திருக்கிறோம். மூன்றாம் வகுப்புக்குச் சுகாதாரமும் படிப்பிக்கிறவள் நான். நிலம் பிளந்தால் இறங்கியிருப்பேன். அதற்குள் என் கணவர் வெளியே வந்துவிட்டார், எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

“அக்கா, நான்தான் முழுக்க ஊத்திக் குளிச்சனான். இவ இல்லை. பிழை என்னில,” என்றார்.

கொடியில் ஆறு சேட்டு சாட்சிக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. “பாதி நான் தோய்ச்சனான்,” என்றேன். அக்கா சேட்டுகளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், முதல்தரமாகச் சிரித்தார். “நல்ல வெள்ளைதான்,” என்றார்.

அன்று காலையே தொடங்கினோம். என் கணவர் ஒரு தடியின் இரு நுனியிலும் மண்ணெண்ணெய்த் தகரம் கட்டித் தோளில் வைத்துக்கொண்டார், நான் இடுப்பில் ஒரு குடம். மதில்களுக்கு நடுவே ஒழுங்கை, பிறகு வெட்டை, பிறகு மணல். சித்திரை மாதமாதலால் கிணற்றில் தண்ணீர் மட்டம் கீழே. ஒரு குடம் அள்ளினால் அடுத்த குடத்துக்கு ஊறும்வரை காத்திருக்க வேண்டும். வந்த வரிசைப்படி பத்துப் பன்னிரண்டு பெண்கள் மணலில் இருந்தார்கள். தண்ணீருக்கு வந்த ஒரே ஆண் இவர்தான்.

“தம்பி, கப்பலில தண்ணி ஆர் அள்ளுறது?” என்று ஒரு பெண் கேட்டாள்.

“மெஷின் அள்ளும், அக்கா.”

“அதுதான் இப்பிடி நடக்கிறீர்.”

திரும்பி வரும்போது அவருடைய தகரங்களில் பாதிதான் மிஞ்சியது. எட்டுத் தட்டுத் தூக்குகிற தோள் இரண்டு தகரத்துக்குத் தடுமாறியது. நான் சிரித்தேன், அவருக்குக் கோபம் வரவில்லை. வீட்டில் தகரத்தை இறக்கிவிட்டு மறுபடியும் புறப்பட்டார்.

வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. ஒவ்வொரு நாளும் காலையில் இரண்டு நடை, பின்னேரம் ஒரு நடை. அள்ளினது எங்கள் சமையலுக்கும் அக்காவின் குசினிக்கும் சரியாகப் போயிற்று. தீவின் பழைய கோட்டையையும் பெயர்பெற்ற பெருக்கு மரத்தையும் ஒரு மத்தியானம் ஓடிப்போய்ப் பார்த்தோம். அவற்றைப் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள். நான் பார்த்தது அந்த ஒன்றரை மைலைத்தான். தண்ணீர் ஊறும்வரை மணலில் பக்கத்தில் பக்கத்தில் இருப்போம். மூன்று வருஷமாகக் கேட்காத கதையெல்லாம் அங்கேதான் கேட்டேன். முதல் வருஷம் ஒரு பயணி வாந்தி எடுத்த கம்பளத்தை முழந்தாளில் இருந்து துடைத்தபோது அழுதாராம். என் கடிதங்களைச் சேட்டுப் பையில் வைத்துக்கொண்டு பரிமாறுவாராம். நானும் சொன்னேன், பெரிய வகுப்புக்கு முன்னால் நிற்க இன்றைக்கும் எனக்குப் பயம் என்று. ஊரில் ஒருவருக்கும் சொல்லாதது.

ஞாயிறு பின்னேரம் ஒரு சொட்டுச் சிந்தாமல் வந்து சேர்ந்தார். கிணற்றடிப் பெண்களில் ஒருத்தி அதைத் திரேசம்மா அக்காவுக்குச் செய்தியாகவே கொண்டுவந்து சொன்னாள். அன்றைக்கு எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. முன்பின் தெரியாத இடத்தில் பிழைவிட்டால், என் பங்கையும் தன் தலையில் போட்டுக்கொண்டு தகரம் தூக்குகிற மனிதர் இவர். எனக்கு இவரை மிகவும் பிடித்திருக்கிறது. கலியாணமாகி மூன்று வருஷத்துக்குப் பிறகு இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

திங்களும் செவ்வாயும் தொட்டிக்கென்றே நடந்தோம். இரண்டு நாளில் ஆளுக்கு ஏழாகப் பதினாலு நடை. கடைசிக் குடத்தை ஊற்றியபோது விளிம்பு முட்டியது. நான் பலகையை மூடினேன்.

புதன், காலை 6.00. திரேசம்மா அக்கா கைவிளக்கைத் தணித்துவிட்டுத் தொட்டியடிக்குப் போனார். பலகையைத் தூக்கிப் பார்த்தார், திரும்ப மூடினார். போன கிழமையும் அதைத்தான் செய்தார். இந்த முறை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “உங்கடை வீடுதான் பிள்ளை, எப்ப எண்டாலும் வாங்கோ. வந்தால் கேட்டுப்போட்டுக் குளியுங்கோ.”

7.10. லோஞ்ச். தீவு தட்டையானதால் சீக்கிரம் மறைந்துவிடும் என்று நினைத்தேன், பனைகள் மட்டும் வெகுநேரம் நின்றன. என் கணவர் அதுவரை கேட்கவில்லை. நெடுந்தீவு பின்னால் போனபிறகு தபாலட்டையை எடுத்து என் மடியில் வைத்தார்.

“என்ன மாதிரி?” என்றார். 

நான் படத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். “இதில கிணறு எங்கை?”

அவரும் குனிந்து பார்த்தார். வீடு இருந்தது, மதில் இருந்தது, கொடி இருந்தது.

“நீங்கள் அங்கை மூண்டு நாள் நிண்டனீங்கள். குளிச்சனீங்களோ?”

“ஓம்.”

“ஆர் அள்ளின தண்ணி?”

அவர் கடலைப் பார்த்தார். “தெரியாது,” என்றார். பிழை தன்னில் என்று அக்காவுக்குச் சொன்ன போன புதன்கிழமைக் காலை போலவே அவருடைய முகம் இருந்தது.

“அதைக் கேட்டுத் தந்தி அடியுங்கோ,” என்றேன். “நான் வாறன் எண்டும் அடியுங்கோ.”

பஸ்ஸில் அவர் பன்னிரண்டு மைலும் என் கையை விடவில்லை.

10.30. ஊர்காவற்துறைத் தபாற்கந்தோர். அவர் தாளில் இங்கிலீசில் எழுதி நீட்டினார்: மனைவி வருகிறாள். தண்ணீர் எவ்வளவு தூரம்? தந்தி எடுப்பவர் ஒருமுறை வாசித்தார். பிறகு கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

“ரீச்சர், இந்த ரெண்டாவது வசனம் தேவையோ? சொல்லுக்குச் சொல் காசு.”

“அதை முதலாவதாய்ப் போடுங்கோ,” என்றேன்.