பூட்டாமல் வந்த வீடு

எங்கள் அக்கா பிறந்தது அக்கரப்பத்தனைப் பக்கம், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயமொன்றில், ஒற்றையறைக் காம்பராவில். அம்மா கொழுந்து பறிக்கப் போன நாட்களில் என்னைத் தூக்கி வளர்த்தவர் அவரே. படித்து ஆசிரியையானார். மணமாகி வட்டவளைக்கு வந்ததும், ஆளில்லாமல் பாழடைந்து கிடந்த பழைய வீடொன்றை அத்தானும் அவரும் வாங்கினார்கள். சுவரில் செடி முளைத்திருந்தது. விடுமுறை தோறும் இருவருமே பலகை இழைத்து, தகரம் மாற்றி, சன்னல்களின் பழைய பெயின்டைச் சுரண்டி அதை வீடாக்கினார்கள்.

அத்தான் அங்கேயே கண்மூடினார். அதன் பிறகும் அக்கா இரண்டு கோப்பைகளில் தேநீர் ஊற்றுவார். முன்னறையில் அத்தானின் செருப்புச் சத்தம் கேட்பதாகச் சொல்வார். ஒரு மாலையில் எனக்கும் கேட்டது.

சென்ற பெருமழையில் வீட்டுக்குப் பின்னால் மலை வெடிப்பு விட்டது. அதிகாரிகள் அனைவரையும் வெளியேறச் சொன்னார்கள்.

“வாங்கக்கா, என்னோட ஹட்டனுக்குப் போயிரலாம்.”

“உங்க அத்தானத் தனியா விட்டுட்டா? நான் வரலப்பா.”

நான் கெஞ்சிக்கொண்டிருந்தபோதே, அக்காவிடம் படித்த பெண்ணொருத்தி கீழ் லயத்திலிருந்து கைக்குழந்தையுடன் வந்தாள்.

“நீ ஏன் இன்னும் போகல?” என்று அக்கா அதட்டினார்.

“டீச்சரே இருக்காங்க, அப்ப மலை எறங்காதுன்னு எங்க லயத்துல எல்லாரும் சொல்றாங்க டீச்சர். அதான் இருக்கோம்.”

அக்கா அந்தக் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தார். அத்தானின் படத்தைச் சுவரிலேயே விட்டுவிட்டார். நான் கதவைச் சாத்திப் பூட்டப் போனேன்.

“பூட்டாத தம்பி. அவரு உள்ளதான இருக்காரு.”

லயத்து வாசலில் நின்று, “நான் போறேன். நீங்களும் கெளம்புங்க” என்றார். அன்றே எல்லாரும் பாடசாலைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மறுநாள் மலை பக்கவாட்டில் சரிந்து லயத்தை மூடியது. வீடு மட்டும் அப்படியே நின்றது.

அக்கா பிறகு அங்கே போகவேயில்லை. “எல்லா உசுரும் தப்பிச்சிருச்சு, சரிதான். ஆனா அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லாம வந்துட்டேனே” என்பார். மருத்துவமனையில் தன் கடைசி நாளில், “அங்க மழையா?” என்று மட்டுமே கேட்டார்.

அங்கே துணையிருந்தவர்களுக்கும், இறுதிக் கிரியைகளில் தோள்கொடுத்த உறவினர், நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வட்டவளை மயானத்துக்கு அக்காவின் பெட்டியைச் சுமந்த அந்த லயத்து மக்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. எதிர் மலையில் வீடு தெரியும் வளைவு வந்ததும், யாரும் சொல்லாமலே நின்று, பெட்டியை அந்தப் பக்கம் திருப்பிப் பிடித்தார்கள். பனிமூட்டத்தில் வீடு தெரியவில்லை. ஆனாலும் வெகுநேரம் யாரும் நகரவில்லை.