பல் தெரியாத போட்டோ

சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து விடுப்பில் வந்த அந்த வருடம், எங்கள் தென்னூர் வீட்டில் அவரைவிட அதிக மரியாதை கிடைத்தது அவர் கொண்டுவந்த கேமராவுக்குத்தான். சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். வெள்ளி நிறம். பட்டனை அமுக்கினால் லென்ஸ் முனகிக்கொண்டே வெளியே வரும், மறுபடி அமுக்கினால் முனகிக்கொண்டே உள்ளே போகும். ஃபிலிம் கிடையாது, கழுவ வேண்டாம், எடுத்த படத்தை எடுத்த இடத்திலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று சித்தப்பா சொன்னார். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்போ நெகட்டிவ் எங்கடா இருக்கும்?" என்று கேட்டார். நெகட்டிவே இல்லை என்ற பதில் அவருக்குக் கடைசிவரை திருப்தியாக இல்லை. ஏதோ ஒரு முக்கியமான சாமானைத் தராமல் கடைக்காரன் தம்பியை ஏமாற்றிவிட்டான் என்றுதான் நினைத்தார்.

அந்தக் கேமராவுக்குப் பசி அதிகம். பென்சில் பேட்டரி போட்டால் கொஞ்ச நேரத்தில் தின்று தீர்த்துவிடும். படம் எடுத்துத் தீர்ந்ததைவிட, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் படம் காட்டித் தீர்ந்ததுதான் அதிகம். எதிர்வீட்டு அக்கா, பால்காரர், சிலிண்டர் கொண்டுவருகிறவர், யாராக இருந்தாலும் சித்தப்பா அந்தத் தீப்பெட்டி அளவு திரையை அவர்கள் மூக்குக்கு நேரே நீட்டுவார். அவர்கள் வாயைப் பிளந்து முடிப்பதற்குள் கேமரா படுத்துவிடும். அம்மா செத்த பேட்டரிகளைப் பொறுக்கிக்கொண்டுபோய் மொட்டைமாடியில் வடகத்துக்குப் பக்கத்தில் வெயிலில் காயவைப்பாள். டார்ச் லைட் பேட்டரிக்குப் பலித்த வைத்தியம் இதற்கும் ஒன்றிரண்டு படங்களுக்குப் பலித்தது. சித்தப்பா மட்டும் தலையில் அடித்துக்கொள்வார்.

கேமராவோடு கொடுத்த கார்டும் மிகச் சின்னது. தரத்தைக் குறைத்து வைத்தால் நிறைய எடுக்கலாமாம். சிங்கப்பூர் கேமராவைக் குறைந்த தரத்தில் வைப்பது சித்தப்பாவின் கௌரவத்துக்கு ஒத்துவரவில்லை. ஆகவே ஒரு டஜன் படம் ஏறுவதற்குள் கார்டு நிரம்பிவிடும். புதிதாக ஒன்று எடுக்க வேண்டுமென்றால் பழையதில் ஒன்று போக வேண்டும். எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வருவதற்கு இன்னும் பல வருடங்கள் இருந்தன. எந்தப் படத்தை அழிப்பது என்று குடும்பமே தலையோடு தலை முட்டிக்கொண்டு முடிவெடுக்கும். கண் மூடியவர்கள், வாய் திறந்தவர்கள், வேறு பக்கம் பார்த்தவர்கள் எல்லாரும் போய்விடுவார்கள். விறைத்து நின்றவர்கள் மட்டும் பிழைத்தார்கள்.

அப்பாவின் தங்கை, என் அத்தை, எங்களோடுதான் இருந்தாள். பக்கத்தில் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். அவளுக்கு மேல்வரிசையில் ஒரு தெத்துப்பல். அத்தை சிரித்தால் அந்தப் பல்தான் முதலில் சிரிக்கும், பிறகுதான் அத்தை. நான் அவள் பக்கத்தில்தான் படுப்பேன், அவள் கையால்தான் தலை பின்னிக்கொள்வேன். பள்ளிக்கூடத்தில் எந்த டீச்சர் எப்படி நடப்பார் என்று அவள் நடந்துகாட்டினால் எனக்கு வயிறு வலித்துவிடும். எனக்கு வீட்டில் வேறு யாரும் தேவைப்படவில்லை.

அத்தைக்கு வரன் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஸ்டுடியோவில் எடுத்த ஒரு போட்டோ ஊர் ஊராகப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தது. அத்தையைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. அதனால் போட்டோவைக் குறை சொன்னார்கள். லைட் சரியில்லை, புடவை கலர் எடுபடவில்லை, ஸ்டுடியோக்காரன் ஏதோ ஞாபகத்தில் எடுத்திருக்கிறான். அந்தச் சமயத்தில்தான் பூனாவில் வேலை பார்க்கும் ஒரு பையனின் வீட்டிலிருந்து போன் வந்தது. ஜாதகம் பொருந்திவிட்டது, பெண்ணின் போட்டோவை ஞாயிற்றுக்கிழமைக்குள் ஈமெயிலில் அனுப்பச் சொன்னார்கள். வேறு இடத்துப் போட்டோக்களும் வந்திருக்கின்றன என்பதையும் பையனின் அக்கா மறக்காமல் சொல்லிவைத்தாள். வீடு முழுக்க ஒரே பரபரப்பு. கேமரா இந்த ஒரு காரியத்துக்காகவே கடல் தாண்டி வந்திருக்கிறது என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை ஸ்ரீரங்கம் போய்த் தாயாரைக் கும்பிட்டுவிட்டு எடுத்தால் அமையும் என்பதும் அம்மாவின் யோசனைதான். சித்தப்பா, அம்மா, அத்தை, நான் என்று நான்கு பேரும் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறிப் போனோம். அத்தை மாம்பழக் கலர் பட்டு கட்டியிருந்தாள். பஸ்ஸில் அம்மா அவள் காதருகே ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள். "வாய மட்டும் மூடிக்க. பல்லு தெரியக்கூடாது. சிரிச்ச மாதிரி இருக்கணும், ஆனா சிரிக்கக்கூடாது." அத்தை பவ்யமாகத் தலையாட்டிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்ததும் சித்தப்பா ராஜகோபுரத்தோடு சேர்த்து எடுக்க ஆசைப்பட்டார். கோபுரம் முழுசாக வர வேண்டுமென்று பின்னால் போய்க்கொண்டே இருந்தார். ஒரு ஆட்டோக்காரர் திட்டியபிறகுதான் நின்றார். படத்தில் கோபுரம் பிரமாதமாக வந்திருந்தது. அத்தை அதன் காலடியில் மாம்பழக் கலரில் ஒரு புள்ளி. "பையன் கோபுரத்தையா கட்டிக்கப் போறான்?" என்று அம்மா கேட்டதும் சித்தப்பா அதை அழித்தார்.

அங்கிருந்து காவிரிக்கரையில் இருக்கும் அம்மா மண்டபம் படித்துறைக்குப் போனோம். அங்கேதான் அந்தக் கேமராவின் இன்னொரு குணம் முழுசாகப் புரிந்தது. அமுக்கியவுடன் அது எடுக்காது. ஒரு பச்சை விளக்கு எரியும், உள்ளே ஏதோ உறுமும், யோசிக்கும், அப்புறம்தான் எடுக்கும். எங்களுக்குப் பழக்கப்பட்டதெல்லாம் ஸ்டுடியோதான். ஸ்டுடியோக்காரர் ரெடி என்பார், நாம் மூச்சைப் பிடிப்போம், பளிச்சென்று ஒரு வெளிச்சம், வேலை முடிந்தது. அத்தையும் அப்படித்தான் நின்றாள். சித்தப்பா பட்டனை அமுக்கியதும் முடிந்துவிட்டது என்று உடம்பைத் தளர்த்தி, என்னைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்துவிடுவாள். சரியாக அப்போதுதான் கேமரா எடுக்கும். ஒவ்வொரு படத்திலும் அந்தப் பல் தவறாமல் ஆஜராகியிருந்தது. அம்மா பார்ப்பாள், உச்சுக்கொட்டுவாள், சித்தப்பா அழிப்பார்.

ஆற்றைப் பின்னால் வைத்தால் முகம் கறுத்து விழுகிறதென்று சித்தப்பா இடத்தை மாற்றினார். அத்தை மேல்படியில் ஆற்றைப் பார்த்து நின்றாள். சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து போட்டுவந்த புது ஷூவைக் கழற்றிக் கடைசிப் படியில் வைத்துவிட்டு, பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு, கணுக்கால் தண்ணீரில் ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்றார். அமுக்கினார். பச்சை விளக்கு எரிந்தது. காவிரி அவர் ஷூவில் ஒன்றை மெதுவாக எடுத்துக்கொண்டு கிழக்கே கிளம்பியது.

அதை அத்தைதான் பார்த்தாள். தலையைப் பின்னால் சாய்த்து, கண்கள் சுருங்கி, பல்லை மறைக்கக் கையைத் தூக்கி, அது வாய்க்குப் போய்ச் சேர்வதற்குள் சிரித்துவிட்டாள். கேமரா அப்போது எடுத்தது. குளித்துக்கொண்டிருந்த ஒருவர் எட்டிப் பிடித்து ஷூவைத் திருப்பித் தந்தார்.

ஷூவில் இருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சித்தப்பா திரையைப் பார்த்தார். கார்டு நிரம்பிவிட்டிருந்தது. பேட்டரி தீரப்போகிறதென்று சிவப்பு விளக்கும் மினுக்க ஆரம்பித்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு படத்துக்குத்தான் உயிர் இருக்கிறது, மற்றதெல்லாம் வீட்டில் கூடி முடிவெடுத்து வைத்திருப்பவை, இதை அழித்தால்தான் அதை எடுக்க முடியும் என்றார். அத்தை கேமராவைக் கையில் வாங்கினாள். வெயிலுக்கு முந்தானையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்தாள்.

"நான் சிரிச்சா இப்படியா இருக்கேன்?" என்றாள்.

அவள் அதைப் பார்த்ததே இல்லை. கண்ணாடி முன்னால் யார் அப்படிச் சிரிக்கப் போகிறார்கள்?

"அண்ணே, இதையே அனுப்பினா என்ன?"

சித்தப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா கெட்டவள் இல்லை. அத்தைக்கு நல்லது நடக்க வேண்டும் என்று வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்குப் போட்டவள். "நல்லாத்தான் இருக்கு. இல்லன்னு சொல்லல. ஆனா அவங்க நம்மள மாதிரி பாக்க மாட்டாங்கம்மா" என்றாள்.

குப்பைத்தொட்டிப் படம் போட்ட பட்டனை அத்தையே அமுக்கினாள். அந்தக் கேமரா எதையும் ஒரே பேச்சில் அழிக்காது, நிச்சயமாகத்தானா என்று மறுபடியும் கேட்கும். திரையில் வந்த இங்கிலீஷை நான்தான் எழுத்துக்கூட்டிப் பெருமையாகப் படித்துக் காட்டினேன். அத்தை அதற்கும் அமுக்கினாள்.

இதற்குள் சித்தப்பாவுக்குக் கேமராவின் சூட்சுமம் பிடிபட்டிருந்தது. "நான் அமுக்கிட்டேன்னு அசைஞ்சிடாத. நான் போதும்னு சொல்ற வரைக்கும் மூஞ்சிய அப்படியே வெச்சிக்க. மூச்சுகூட விடாத" என்றார். அத்தை மேல்படிக்குப் போனாள். உதடுகளைச் சேர்த்தாள். பல் உள்ளே போனது. சித்தப்பா அமுக்கினார், காத்திருந்தார். இந்த முறை எல்லாம் சரியாக வந்தது.

அன்று சாயங்காலமே ஒரு பிரவுசிங் சென்டரில் இருந்து அந்தப் போட்டோ பூனாவுக்குப் போயிற்று. பெண் பார்க்க வந்தவர்கள், அத்தை அதிகம் வாய் திறக்காததைப் பார்த்து அடக்கமான பெண் என்று மெச்சினார்கள். கல்யாணம் நடந்தது. மாமா தங்கமான மனிதர்தான். தலைதீபாவளிக்கு வந்தபோது அத்தையின் தெத்துப்பல்லைக் காணோம். அங்கே ஒரு டாக்டரிடம் காட்டி எடுத்துவிட்டு வரிசையைச் சரிசெய்துவிட்டார்களாம். அம்மா அவள் மோவாயைத் தூக்கிப் பார்த்து, "இப்ப எவ்ளோ லட்சணமா இருக்கு" என்றாள். எனக்குத்தான் ரயிலை விட்டு வேறு யாரோ இறங்கி வந்த மாதிரி இருந்தது. பல் நேரான பிறகும் அத்தை வாயை மூடிக்கொண்டுதான் சிரித்தாள். டீச்சர்கள் மாதிரி நடந்துகாட்டச் சொன்னதற்கு, "நீ பெரிய பொண்ணு ஆயிட்டடி" என்று சொல்லிவிட்டாள்.

சித்தப்பா பிறகு பெரிய கார்டு வாங்கிக்கொண்டார். அதற்கப்புறம் புதுக் கேமரா, புதுப் போன் என்று போய்விட்டார். பழைய கேமராவும் அந்தச் சின்னக் கார்டும் என்னிடம் வந்து சேர்ந்தன. அழித்த படங்களைக்கூட மீட்டுத் தருகிறார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி, போன வருடம் சத்திரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போன் ரிப்பேர் செய்யும் ஒரு கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். நெகட்டிவ் எங்கே என்று அப்பா கேட்டது எவ்வளவு நியாயமான கேள்வி என்று அந்தக் கடை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோது நினைத்துக்கொண்டேன்.

"பாதிதான் வந்துச்சுங்க. மிச்சத்து மேல வேற படம் ஏறிடுச்சு" என்றார் கடைக்காரர்.

படித்துறை மண்டபத்தின் தூண் தெரிந்தது. மல்லிகைப்பூ தெரிந்தது. சுருங்கிய கண்கள் தெரிந்தன. மூக்குக்குக் கீழே எல்லாம் சாம்பல் நிறம். கடையில் வைத்தே அழுதுவிட்டேன். இறந்துபோனவர் யாரோ என்று நினைத்துக்கொண்டு கடைக்காரர் காசு வாங்க மறுத்தார். அத்தை பூனாவில் சௌக்கியமாகத்தான் இருக்கிறாள் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோ காலில் வருகிறாள். திரையில் தன் முகம் தெரிந்ததுமே உதடுகளைச் சேர்த்துக்கொள்கிறாள். அவளோடு பேசிக்கொண்டிருக்கும்போதே அவளைப் பார்க்க எனக்கு ஏக்கமாக இருக்கிறது.

அன்றைக்குப் படித்துறையில் அந்தக் கடைசிப் படம் எடுத்ததும், வந்துவிட்டது வந்துவிட்டது என்று சித்தப்பா கத்தினார். அம்மாவும் நானும் தண்ணீரில் இறங்கி ஓடினோம். மூன்று பேரும் திரைமேல் கவிழ்ந்தோம். பல் தெரியவில்லை என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கேமரா அணைந்துவிட்டது. சித்தப்பா ஈர ஷூவைத் தேடிப் போனார். நான் முகம் கழுவிக்கொண்டு நிமிர்ந்தேன்.

அத்தை மேல்படியில் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். அதே உதடு, அதே கண், கைகூட அசையவில்லை. கழுத்து நரம்பு மட்டும் லேசாகத் துடித்தது. என்னைச் சிரிக்கவைக்கத்தான் சிலை விளையாட்டு விளையாடுகிறாள் என்று நினைத்து நான் கைதட்டிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. சித்தப்பா இன்னும் போதும் என்று சொல்லவில்லை என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.