கடைசி வண்டியில் ஜமீலா அக்கா

ஜமீலா அக்காவின் வீட்டுக்காரர் கரீம் அண்ணன் போன் செய்தபோது மகளுக்கு டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருந்தேன். "சுந்தரி, அக்கா போயிட்டாம்மா" என்றார். "சரி அண்ணே" என்றேன். போனை வைத்துவிட்டு டிபன் பாக்ஸை மூடினேன். மகளைப் பள்ளியில் விட்டு வந்தேன்.

அடக்கம் முடிந்து அக்கா வீட்டில் நீங்கள் எல்லோரும் அழுதீர்கள். "இவ ஒரு சொட்டுக்கூட விடலையே" என்று யாரோ சொன்னது என் காதிலும் விழுந்தது. உண்மைதான். இன்னும் வரவில்லை.

நாம் குடியேறிய இந்த பிளசன்டன் ஊரில் உங்களுக்கெல்லாம் ஜமீலா அக்காவைப் பெரிய கம்ப்யூட்டர் இன்ஜினியராகத் தெரியும். நான் எட்டாவதோடு நின்றவள். அவர் வேலை எனக்குப் புரியாது. எனக்குத் தெரிந்த அக்கா டாஹோ மலையில் இருந்தார்.

குளிர்காலத்தில் நம் குடும்பங்கள் சேர்ந்து அங்கே போவோமே, ஆண்கள் ஸ்னோமொபைல் எடுப்பார்களே. பனிமேல் ஓடும் அந்த மோட்டார் வண்டியில் யார் முதலில் மேட்டைத் தொட்டது என்பதுதான் சாப்பாட்டு வேளையிலும் பேச்சு. நான் அறையை விட்டு வெளியே வரமாட்டேன். ஒரு வருஷம் அக்கா கையைப் பிடித்து இழுத்தார்.

"எனக்கு ஓட்ட வராதுக்கா. எல்லாரும் சிரிப்பாங்க."

"எனக்கும்தான் வராது. வா, ரெண்டு பேரும் சேர்ந்து மோசமா ஓட்டலாம்."

என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சொன்னபடியே ஓட்டினார். வளைவு வந்தால் நின்றேவிடுவார். தாண்டிப்போன கரீம் அண்ணன், "ஜமீலா, ஆக்ஸிலேட்டர்னு ஒண்ணு இருக்கு!" என்று கத்தினார்.

"அது பாட்டுக்கு இருக்கட்டும், நீங்க போங்க!"

வெட்கமாக இல்லையா என்று கேட்டேன். "செகண்ட் ரேங்க் வாங்கினா எங்க வீட்ல யாரும் முகம் கொடுத்துப் பேசமாட்டாங்க. காலேஜ், ஆபீஸ் எல்லாம் அந்தப் பயத்துலயே போச்சு. இங்கதான் சுந்தரி கடைசியா வர்றேன். எவ்வளவு நல்லா இருக்கு பாரு" என்றார்.

அடுத்த வருஷம் என்னை ஓட்டவிட்டார். புடவைக்கு மேலேயே பனி உடுப்பை மாட்டியிருந்தேன். வண்டி பொதபொதவென்ற பனியில் புதைந்தபோது, உள்ளே புடவை சுருண்டு காலைத் தூக்க முடியவில்லை. வழிகாட்டி வந்துதான் இழுத்துவிட்டார். என் மகள், "அம்மா, யூ ஆர் ஸோ எம்பாரஸிங்!" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அக்கா அவளிடம், "உங்கம்மா பனியைக் கையால தொட்டுப் பார்த்தா. ஓடின ஓட்டத்துல நீங்க யாராவது பார்த்தீங்களா?" என்றார்.

போன குளிர்காலம் அக்கா நோயிலும் வைத்தியத்திலும் இளைத்திருந்தார். என் பின்னால் உட்கார்ந்தார். ஆள் இருப்பதே தெரியவில்லை. பயத்தில் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

"என்னை எதுக்குப் பாக்குற? பாதையைப் பாரு. நான் மரத்தைப் பாக்கணும்."

அதுதான் கடைசி.

இந்த வருஷமும் போகிறோம். "நீ ரூம்லயே இருந்துக்கிறியா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். எனக்குத் தனியாக ஒரு வண்டி சொல்லச் சொன்னேன். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான்: எத்தனை பேர் முந்திப் போனாலும் கூசாமல் என் போக்கில் போவது.

அழுவதிலும் நீங்கள் எல்லோரும் முந்திப் போய்விட்டீர்கள். நான் பின்னால் வருகிறேன்.