ஓரகத்தி வீட்டு ஹார்ட் டிஸ்க்

என் வீட்டுக்காரர் நடப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் நான் ஓரகத்தி வீட்டுக்குத்தான் போக வேண்டியிருந்தது. எங்கள் பெண் கல்யாணத்துக்கு ஆல்பம் மட்டும்தான் போட்டோம். அதில் அவர் பந்தி ஓரமாக முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். அவர் தம்பி மகன் கல்யாணத்தில் வீடியோ எடுத்தார்கள். ஸ்டுடியோக்காரர் அதை ஒரு ஹார்ட் டிஸ்கில் ஏற்றிக் கொடுத்தார். சோப்பு டப்பா அளவில் கறுப்பாக இருக்கும். அது ஓரகத்தியின் பீரோவில் இருந்தது.

அவர் போய் வருஷம் திரும்பப் போகிறது. அவர் சிரிப்பு எப்படி இருக்கும் என்பது எனக்கு மறந்துகொண்டே வந்தது. ஆனாலும் அவளிடம் போய்க் கேட்க வாய் வரவில்லை. அவளுக்கு மாடி வீடு, மோட்டார் கொட்டகை, வீட்டிலேயே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கும் மருமகள். கூப்பிட்டால் 'இன்னா' என்று திரும்பிப் பார்க்கப் புருஷனும் இருக்கிறார். இத்தனை இருப்பவளிடம் போய் என் புருஷனைக் காட்டு என்று நான் கேட்க வேண்டுமா?

கடைசியில் முருங்கைக்கீரை கொடுக்கிற சாக்கில் போனேன். கீரையை ஓரகத்தியிடம் கொடுத்துவிட்டு, மருமகளிடம்தான் மெதுவாகச் சொன்னேன். அவள் உடனே பீரோவைத் திறந்து டிஸ்கை எடுத்து, வயரைச் சொருகி, கம்ப்யூட்டரில் மாட்டினாள். ஒன்றும் வரவில்லை. அந்தப் பக்க ஓட்டையில் மாட்டினாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். வேறு வயர் தேடி எடுத்து மாட்டினாள். டிஸ்கில் ஒரு விளக்கு எரிய வேண்டுமாம், அதுவும் எரியவில்லை. கீழே போட்டிருப்பீர்கள், செத்திருக்கும் என்று கொழுந்தன் கூடத்திலிருந்தே சொன்னார்.

எனக்கு வேறு நினைப்பு ஓடியது. எனக்குக் காட்டக் கூடாது என்றுதான் ஓரகத்தி என்னவோ பண்ணி வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவளோ கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதற்கும் அவசரமில்லாதவள் முகம் அப்படித்தான் இருக்கும்.

வயர் பாதிதான் உள்ளே போகிறது என்று மருமகள் கையில் பட்ட பிறகுதான் தெரிந்தது. செல்போன் வெளிச்சத்தை டிஸ்கின் வாயில் அடித்துப் பார்த்தாள். உள்ளே மஞ்சளாக அடைத்துக்கொண்டிருந்தது. சந்தனம். மேலே குங்குமமும்.

"அத்தே, ஆயுத பூஜைக்கு இதுல பொட்டு வெச்சீங்களா?"

"கலப்பை, மோட்டார், வண்டி எல்லாத்துக்கும் வெச்சேன். இத மட்டும் வுடுவாங்களா? மூஞ்சி எதுன்னு தெரில. வாயி இருக்கிற பக்கந்தான மூஞ்சின்னு அழுத்தி வெச்சேன்."

கொழுந்தன் விழுந்து விழுந்து சிரித்தார். ஓரகத்தியும் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பும் பொறுக்கவில்லை. தப்பு செய்துவிட்டு, கூடச் சிரிக்க ஆள் வைத்திருக்கிறாள்.

ஓரகத்தி கொண்டை ஊசியை உருவி நீட்டினாள். இரும்பு வேண்டாம் என்று மருமகள் துடைப்பக் குச்சியைச் சீவி, காய்ந்த சந்தனத்தைத் துகள் துகளாகச் சுரண்டி எடுத்தாள். பிறகு பழைய பல் பிரஷால் தட்டினாள். வயர் முழுக்க உள்ளே போனது. விளக்கு எரிந்தது. கம்ப்யூட்டர் 'டிங்' என்றது.

வீடியோவை வேகமாக ஓட்டிக்கொண்டே வந்தவள் ஓர் இடத்தில் நிறுத்தினாள். அவர்தான். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, கையில் சாம்பார் வாளி. நடந்து வந்தார். வந்தவர் ஓரகத்தி பக்கம் திரும்பி என்னவோ சொன்னார். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவரும் தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார். மேளச் சத்தத்தில் பேச்சு கேட்கவில்லை, சிரிப்பு மட்டும் கேட்டது. இத்தனை வருஷத்தில் நாலு பேர் எதிரில் என்னோடு அவர் அப்படிச் சிரித்ததே இல்லை. நானும் சிரிக்க வைத்ததில்லை. கூட்டம் என்றால் நான் அடுப்பங்கரையை விட்டு வரமாட்டேன்.

"இன்னா சொன்னாரு?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

ஓரகத்தி கிட்டே வந்து பார்த்தாள். "தெரிலயேக்கா. மாமா எதனா சொல்லிக்கினே இருப்பாரு. மறந்துபூட்டேன்."

மறந்துவிட்டாளாம். எனக்கு ஒரு தடவை சொல்லியிருந்தால் நான் மறந்திருப்பேனா?

அந்த வீடியோத் துண்டை மட்டும் என் போனில் போட்டுத் தரும்படி மருமகளிடம் கேட்டேன். பிறகு அவள் காதோரம் குனிந்து, உன் மாமியாரை விட்டுவிட்டு அவரை மட்டும் எடுக்க முடியுமா என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், சிரிக்கவில்லை.

"ஒட்டி நிக்கிறாங்க பெரியத்தே. வெட்டுனா பெரிய மாமா கையும் போயிடும்."

சரி, அப்படியே போடு என்றேன்.

இப்போது தினமும் பார்க்கிறேன். போன் கண்ணாடியில் விரல் பட்டால் படம் நின்றுவிடுகிறது. அதனால் கட்டைவிரலைப் படாமல் தூக்கிப் பிடித்து அவளை மறைத்துக்கொள்கிறேன். அவள் ஆடி ஆடிச் சிரிப்பதால் விரலும் அவளோடு ஆட வேண்டியிருக்கிறது. அப்படிப் பார்த்தால், அவர் வாளியோடு வந்து யாரிடமோ சிரிக்கிறார். அது யார் என்று தெரியாது.